பாதி மலையில் நாற்பது நிமிடம்

வால்பரைசோவில்
துறைமுகத் தெருவுக்கும் குன்றுக்கும் இடையே
இரண்டு மரப்பெட்டிகள்
ஒரே கம்பியில் கட்டுண்டு கிடக்கின்றன.
ஒன்று ஏற, மற்றது இறங்கும்.
இறங்க ஆள் இல்லாமல் எதுவும் ஏறியதில்லை.

விசையை இயக்கும் யாஸ்னா இதை
ஒரு நாளைக்குத் தொண்ணூறு தடவை பார்க்கிறாள்.
பார்த்து எதையும் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

பையில் ஒரு நோட்டு.
ஐந்தே முக்கால்: விரலில் ஊசி, சர்க்கரை எண்.
ஆறரை: சாவி, விசை, முதல் பயணி.
பத்து: ரொட்டி. பெரும்பாலும் அது பன்னிரண்டு ஆகிவிடும்.
மூன்றரை: மருத்துவர் சொன்ன நாலாயிரம் அடி.
ஏழு: இரவுப் பள்ளி, கணக்கு.
நாற்பத்து நான்கு வயதில்
எக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.
கடைசியில், பென்சிலில்,
மார்ச்சிலிருந்து பக்கம் பக்கமாகத் தள்ளி வந்த வரி:
எர்சிலியாவைக் கூப்பிடணும்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றால்
அங்கே இடமே மொத்தம் இரண்டுதான்.
இவளுக்கு நான்கு.
கால் என்னவோ அதே இரண்டு,
அதிலும் இடதில் ஆறாத கொப்புளம்.

வியாழக்கிழமை, பன்னிரண்டு பத்து.
விசையை மாற்றாளிடம் விட்டு
கீழ்வாசல் பூட்டைப் பார்க்க இறங்கினாள்.
பெட்டியில் அவளும்
எரிவாயு உருளையோடு ஒரு பையனும்.
நட்டநடுவில்,
பெட்டிகள் இரண்டும் தோளுரசிக் கடக்கும் இடத்தில்
மின்சாரம் போனது.
சக்கரம் ஒருமுறை இருமி அடங்கியது.

பக்கத்துப் பெட்டிக் கண்ணாடியில்
பச்சைக் குடை, சாயம் வெளுத்த முடி,
எர்சிலியா.

முதலில் இருவரும் கடலைப் பார்த்தார்கள்.
கீழே ஒரு பாரந்தூக்கி
கொள்கலனை அந்தரத்தில் பிடித்தபடி நின்றிருந்தது.
அங்கேயும் இல்லை போல.

எர்சிலியா சன்னலைத் தள்ளினாள்.
நான்கு விரற்கடை திறந்தது.
"ஜூனில் காய்ச்சல் என்றாயே,
அன்றைக்கு உன்னைச் சந்தையில் பார்த்தேன்.
வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாய்."
"காய்ச்சல்காரிக்கும் வெங்காயம் வேணும்."
"மூன்று கிலோவா?"
உருளைப் பையன் சிரித்துவிட்டு
சிரிக்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

பிறகு பேச்சு வந்தது,
அடைத்த குழாயில் முதலில் காற்றும் துருவும் வருவதுபோல.
மகன் வேலை தேடி வடக்கே போனது.
பூனை செத்தது. மே மாதமே.
"நீ சொல்லவே இல்லையே."
"நீ எடுக்கவே இல்லையே."

தலை லேசாகச் சுற்றியது.
பத்து மணி ரொட்டி இன்னும் காகிதத்திலேயே இருந்தது.
பிட்டுப் பாதியை
நான்கு விரற்கடை வழியே நீட்டினாள்.
பாலாடைக்கட்டி பிதுங்கி
எர்சிலியாவின் கம்பளிக் கையில் அப்பியது.
இரண்டு பெட்டியிலும் மென்றார்கள்.
இருந்ததற்கு ருசி.

பேச்சு தீர்ந்த ஒரு நிமிடத்தில்
நோட்டைக் கண்ணாடியில் வைத்துக் கணக்கைக் காட்டினாள்.
எர்சிலியா உதட்டைப் பிதுக்கினாள்.
பையன்தான் எட்டிப் பார்த்து,
"இங்கே இருந்த கழித்தல் குறி எங்கே?" என்றான்.
மூன்று இரவாக
வீடெல்லாம் தேடிய மூக்குக்கண்ணாடி
மூக்கிலேயே இருந்த கதை.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கம்பி விறைத்தது.
"ஞாயிற்றுக்கிழமை..." என்றாள் எர்சிலியா, மேலே போய்க்கொண்டே.
"ஞாயிறு எனக்கு..." என்றாள் யாஸ்னா, கீழே போய்க்கொண்டே.
மீதியைச் சக்கரம் தின்றுவிட்டது.

மாலையில் மேற்பார்வையாளரின் படிவம்.
வீணான நேரம் என்று அச்சிட்ட கட்டத்தில்
நாற்பது என்று எழுதினாள்.
அழித்தாள்.
மறுபடியும் நாற்பது என்றே எழுதினாள்.

நாலாயிரம் அடி அன்று நடக்கவில்லை.
பள்ளிக்குக் கால்மணி தாமதம்,
போர்டில் ஏற்கெனவே வேறு கணக்கு.
இரவு நோட்டைத் திறந்து
பென்சில் வரியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை.
அந்த இடத்தில், பேனாவில்,
ஞாயிறு.
மணி போடவில்லை.